தங்கராஜின் இடப்பக்கம்

என் கணவர் தங்கராஜின் உடலை அவருடைய சபையிடமிருந்து பறித்து, என் கத்தோலிக்கக் கோயில் கல்லறைக்குக் கொண்டுபோகப் பார்த்தேன் என்று ஆனைக்கரையில் சிலர் பேசுகிறார்கள். சபையாரே, அது தவறு. அவர் உங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே இருக்கட்டும். அவருக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான் கேட்டேன்.

எலப்புள்ளியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் அங்கேயே இறந்துவிட்டார். மருமகன் போனில், "அத்தை, மொதல்ல உக்காருங்க" என்றார்.

"நின்னுக்கிட்டே கேக்கேன், சொல்லுங்க."

"மாமா போயிட்டாருங்க."

அப்போதும் நான் உட்காரவில்லை. உடலை ஆனைக்கரைக்குக் கொண்டுவந்து உங்கள் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

உங்களில் பலருக்கு அவர் வெல்டர். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களின் புகைக்குழாய்களை அவர்தான் பற்றவைப்பார். ஒருநாள் தான் வைத்த பற்று கோணியிருப்பதைக் கண்டார். ஸ்டோர்க்காரர், "பரவாயில்ல, விடும்" என்றார். "ஒமக்குப் பரவாயில்ல, எனக்கு அப்படியில்ல" என்று அதை அறுத்து மறுபடி வைத்தார். இனிக் கை நேராக வராது என்று அந்த வாரமே பட்டறையை மூடினார்.

நான் கன்னியர் பள்ளியில் படித்தவள் என்பதால் எனக்கு 'மதர்' என்று பட்டம் வைத்திருந்தார். ஞாயிறு காலை தெருமுக்கு வரை சேர்ந்து நடப்போம். அங்கிருந்து நான் பூசைக்கு, அவர் ஆராதனைக்கு. எனக்குத்தான் முதலில் முடியும். டீக்கடையில் காத்திருப்பேன்.

"என்ன மதர், ஒங்க சாமியார் அதுக்குள்ள கடையக் கட்டிட்டாரா?"

"சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல அவருக்கு ஒங்க பாஸ்டர் மாதிரி வராது."

மூத்தவளுக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் என்று இரு வீட்டாரும் கத்தியபோது, "மொதல்ல புள்ள பால் குடிக்கட்டும், பொறவு சண்டை போடுவோம்" என்றார். அன்று சண்டை அதோடு நின்றது.

இன்று நிற்கவில்லை. அந்தத் தோட்டத்தில் இறந்த வரிசைப்படிதான் குழி வெட்டுவார்கள். அவருடைய இடப்பக்கம் இன்னும் காலி. சபையில் அடுத்து இறப்பவருக்கு அது போய்விடும். அக்கம்பக்கத்தில் யாராவது இருமினால் எனக்குத் திக்கென்கிறது. போன வாரம் கமிட்டி மூப்பர் படியில் வழுக்கி விழுந்தார் என்றதும் கஞ்சி எடுத்துக்கொண்டு ஓடினேன். அதை வெறும் அன்பு என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் புரிந்திருந்தது.

"பயப்படாதீங்கக்கா, நான் இப்பப் போகமாட்டேன்" என்று சிரித்தார்.

"சந்தோசம். எடம்?"

"நீங்க நம்ம சபை இல்லியே. பாப்போம்."

"இத்தன வருசம் அவருக்குச் சோறு போட்டப்ப நான் எந்தச் சபைன்னு யாரும் கேக்கலியே, தம்பி."

அவர் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

தங்கராஜின் கறுப்பு வெல்டிங் கண்ணாடியை நான் வைத்திருக்கிறேன். அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை.

சபைக் கமிட்டியாருக்கு: அவருடைய இடப்பக்கம் எனக்கு உண்டா, இல்லையா? இல்லை என்பதும் பதில்தான். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை எழுத்தில் தாருங்கள்.