இரண்டு தட்டு

செய்தி வந்தபோது காலை பத்தே முக்கால். அக்கா தையல் கடையில் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். போனில், தம்பியின் கீழ்வீட்டு டிரைவர்.

"உங்க தம்பி கதவைத் திறக்கலைம்மா. உடைச்சுதான் பார்த்தோம்..."

ஊசியைக் காலரிலேயே குத்தி வைத்துவிட்டு ஓடினாள்.

தம்பிக்கு அகராதிக் கம்பெனி வேலை. ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் எழுதி, தாள்களைக் கட்டி வாசலில் வைப்பான். கம்பெனி ஆள் வந்து எடுத்துப்போவார். ஏழு வருஷமாக அந்தக் கதவுக்கு அப்பால் யாரும் போனதில்லை. சனிக்கிழமைதோறும் அக்கா டிபன் கேரியரை வாசலில் வைத்து இரண்டு தட்டு தட்டுவாள். உள்ளிருந்தும் இரண்டு தட்டு வரும். நல்லா இருக்கேன், நீ கிளம்பு என்று அர்த்தம்.

ஒரு தடவை அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, சாமியாரா ஆயிட்டியா?"

"சாமியாருக்கு ஊர்ப்பட்ட பக்தர்கள்க்கா. எனக்கு நீ ஒருத்திதான். அதுவும் திட்டுற பக்தை."

சிரித்துவிட்டு, அன்றைக்குத் தன் மேஜையில் இருந்த இரண்டு சொற்களைக் கதவு வழியாகவே சொன்னான். ஹெர்மிட் என்றால் எதையோ தேடித் தனியாகப் போனவன். ரெக்லூஸ் என்றால் மனுஷங்களே வேண்டாமென்று கதவைச் சாத்திக்கொண்டவன்.

"நீ எதுடா?"

"அந்தத் தாளை இன்னும் முடிக்கலைக்கா."

அன்றிலிருந்து அவளுக்கு அதே குடைச்சல். மனுஷங்க வேண்டாமென்றால், நானுமா?

போன சனிக்கிழமை உள்ளிருந்து ஒரே ஒரு தட்டுதான் வந்தது. முந்தின வாரம் திட்டியதற்குக் கோபம் போல என்று இவளும் முறுக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

இப்போது அதே படி ஏறினாள். டாக்டர், "நெஞ்சுவலி. நேத்து ராத்திரி போயிருக்கணும்" என்றார். அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். மேஜையில் அந்தத் தாள். இரண்டு சொல்லுக்கும் பொருள் அழகாக எழுதி முடித்திருந்தான். அவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

திரும்பியபோது கால் எதிலோ இடறியது. நாற்காலி. அவன் குடிவந்த நாளில் அந்த அறையில் ஒன்றுதானே இருந்தது? இது இரண்டாவது. பழைய இருக்கையைப் பிய்த்தெடுத்துவிட்டு, நீல ஒயரில் புதிதாகப் பின்னியிருந்தான். போன சனிக்கிழமை ஒயரை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அது நழுவுவதற்குள் மறு கையால் ஒரே ஒரு தட்டு தட்டியிருப்பான்.

நாற்காலி முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவன் கையெழுத்து: 'சனிக்கிழமைக்குள். அக்கா உட்கார.'

இன்னும் நாலு வரிசை பின்ன வேண்டியிருந்தது.