மாடி வீட்டுப் பூஜை ரூம்

செங்கம் ரோட்டிலிருந்து ஆசிரமத்துக்குப் பின்னால் பிரியும் தெருவில் திரௌபதியைத் தெரியாதவர்கள் கிடையாது. புதிதாக யாராவது குடிவந்தால், அன்று சாயங்காலத்துக்குள் அவளே போய்த் தன்னைத் தெரியப்படுத்திக்கொள்வாள். அடி அண்ணாமலையில் இருந்த நிலத்தில் பாதியை விற்றுக் கட்டிய வீடு அவளுடையது. கீழே அவளும் மகன் வளவனும். மாடி வாடகைக்கு. புருஷன் இருசப்பனுக்கு பெங்களூரில் மேஸ்திரி வேலை. பௌர்ணமிக்கு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் கார்த்திகை தீபத்துக்குத்தான்.

2007-ல் மாடியைப் பார்க்க மார்ட்டின் என்றொரு வெள்ளைக்காரர் வந்தார். பாத்ரூமைப் பார்க்கவில்லை, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கவில்லை. நேராகப் போய்ப் பூஜை ரூமைத் திறந்தார். ஜன்னல் இல்லாமல், ஓர் ஆள் நின்று கும்பிடும் அளவுக்கு உள்ள அறை. உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்து, "வெரி குட் அம்மா" என்றார். திரௌபதி அங்கேயே விழுந்துவிட்டாள். நம் ஜனங்களே பூஜை ரூமில் அரிசி மூட்டையை அடுக்குகிற காலத்தில் இப்படி ஒரு மனிதரா!

அவர் போட்டது ஒரே நிபந்தனை: அந்த அறையை வேறு யாரும் திறக்கக்கூடாது. அவருடைய இங்கிலீஷில் பாதிதான் அவளுக்குப் புரிந்தது. மீதிக்கு மடி, ஆசாரம் என்று அவளே அர்த்தம் பண்ணிக்கொண்டாள். டவுனிலிருந்து பை நிறைய சுருள் சுருளாக சி.எஃப்.எல். பல்பு வாங்கி வந்தார். வெள்ளிக் காகிதம் வாங்கினார். சின்ன ஃபேன் ஒன்று வந்தது. சாமிக்கு அலங்காரம் நடக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். கதவடியில் ராத்திரியெல்லாம் வெளிச்சம், மாடியெங்கும் ஊதுபத்தி வாசனை. கரண்ட் பில் எகிறியபோதும் அவர் முகம் சுளிக்காமல் கட்டினார்.

வளவன் அப்போது கான்ஸ்டபிள் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு, விடியலில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தான். திரௌபதி மாடியைப் பெருக்கப் போகும்போதெல்லாம் பூஜை ரூம் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "எம் புள்ளைக்கு ஒரு காக்கிச் சட்டையைக் குடு சாமி, வேற எதையும் கேக்க மாட்டேன்" என்பாள். அடுத்த மாதமே வேறு எதையாவது கேட்கிறவள்தான், ஆனால் இதைக் கேட்டபோது நெஞ்சு உருகித்தான் கேட்டாள். லிஸ்டில் வளவன் பெயர் வந்தது. இனி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரிப்பது ஒன்றுதான் பாக்கி. குடும்பத்தின் மேல் ஒரு கேஸ், ஒரு கெட்ட பேச்சு இருந்தாலும் கைக்கு வந்த வேலை போய்விடும் என்று வளவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

விசா விஷயமாக மார்ட்டின் இலங்கைக்குக் கிளம்பினார். அன்று சாயங்காலம் மாடிக்குத் துணி எடுக்கப் போன திரௌபதி அப்படியே நின்றுவிட்டாள். ஆளில்லாத மாடியில், பூட்டிய பூஜை ரூமில், விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாகக் கதவடியில் வெளிச்சம் வந்தது. மறுநாள் விடிந்ததும் தானாக அணைந்தது. சாயங்காலம் மறுபடியும் வந்தது.

சாமியே ஜோதியாக நின்ற ஊர் இது. இதற்கு மேல் திரௌபதியின் வாயை யார் பிடித்து நிறுத்துவது? பக்கத்து வீட்டு ஜோதியம்மாளைக் கூட்டி வந்து காட்டினாள். ஜோதியம்மாள் நாலு பேரைக் கூட்டி வந்தாள். கதவின் கைப்பிடியில் கனகாம்பரம் ஏறியது, வாசற்படியில் சூடம் எரிந்தது.

அப்போதுதான் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு சக்கரவர்த்தி வளவனுக்கு போன் செய்தார். நாளைக்குச் சாயங்காலம் விசாரணைக்கு வருவாராம். "உங்க மாடியில தானா விளக்கு எரியுதாமே, என் சம்சாரம் பார்க்கணும்னு ஒரே பிடிவாதம். அவங்களையும் கூட்டியாறேன்" என்றாராம். திரௌபதிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மத்தியானம் வளவன் சர்ட்டிபிகேட்டுகளை ஜெராக்ஸ் எடுக்க டவுனுக்குப் போயிருந்தான். போலீஸ்காரர் பெண்டாட்டி வந்து பார்க்கும்போது உள்ளே காய்ந்த பூவும் ஒட்டடையுமாக இருந்தால் என்ன ஆவது? திரௌபதி தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு, மார்ட்டின் மன்னிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் கதவைத் திறந்தாள்.

சாமி இல்லை. ஒரு படம்கூட இல்லை. சுவரெல்லாம் வெள்ளிக் காகிதம், மேலே வரிசையாக சுருள் பல்பு, பிளக்கில் கடிகாரம்போல் ஒரு டைமர், கீழே பெயின்ட் பக்கெட்டுகளில் இடுப்பளவு செடிகள். விரல் விரித்த இலைகள். அந்த இலையை இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பேப்பரில் மாதம் ஒரு தடவை வருகிறதே: முன்னால் கஞ்சாச் செடி, பின்னால் வரிசையாக போலீஸ், நடுவில் தலைகுனிந்தபடி ஒருவன். அந்த நடுவில் இருக்கிறவன் வளவனாகத் தெரிந்தான்.

இத்தனை மாதமாக இதையா கும்பிட்டோம் என்று அழுகை முட்டியது. அழ நேரமில்லை. செடியைப் பிடுங்கப் போன கைகள் பழக்கத்தில் ஒருமுறை சேர்ந்து கும்பிட்டுவிட்டன. தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. எரித்தால் நாற்றம் தெருவையே கூட்டிவிடும். எல்லாவற்றையும் பிடுங்கி, அரிவாளால் துண்டு போட்டு, பின்புறம் செப்டிக் டேங்க் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து உள்ளே தள்ளினாள். மண்ணைத் தென்னைக்குக் கொட்டினாள். அறையை பினாயில் போட்டுக் கழுவி, தன் வீட்டு அண்ணாமலையார் படத்தைக் கொண்டுபோய் வைத்துப் பூ போட்டாள். வளவன் வந்தபோது மூச்சு விடவில்லை. தெரிந்தால் அவனால் ஏட்டு முன்னால் நேராக நிற்க முடியாது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஏட்டும் அவர் மனைவி ஆதிலட்சுமியும் வந்தார்கள். நேராக மாடிக்குத்தான் போனார்கள். திரௌபதி கதவைத் திறந்துவிட்டாள். அவர்கள் கண்ணெதிரே எல்லா பல்பும் பளீரென்று எரிந்தன. ஆதிலட்சுமி அப்படியே முழங்கால் போட்டுவிட்டாள். ஏட்டு கும்பிடவில்லை. மூக்கை உறிஞ்சினார். சுவரைப் பார்த்தார்.

"பையனுக்கு அஞ்சு வயசாகுதும்மா, இன்னும் பேச்சு வரல" என்றாள் ஆதிலட்சுமி. "மெட்ராஸ்ல கூட காட்டிட்டோம். இந்த ஜோதி என்னைக் கூப்ட்டுருக்கு." சொல்லிக்கொண்டே கையிலிருந்த தங்க வளையலைக் கழற்றிப் படத்தின் முன்னால் வைத்தாள்.

திரௌபதி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மகன் உத்தியோகம் பத்திரம். சாமி இல்லை என்று சொன்னால் வேறு என்ன இருந்தது என்று ஏட்டு கேட்பார். ஆனால் பெற்றவள் ஒருத்தி அழுதுகொண்டு, பக்கெட் வைத்த தடம் காயாத தரையில் நெற்றியை வைக்கப் போகிறாள். தாங்க முடியவில்லை.

"வேணாம்மா, எழுந்திருங்க" என்று தோளைப் பிடித்தாள். "இது ஜோதி இல்லீங்க. குடியிருக்கற வெள்ளைக்காரன் டைமர் வச்சிருக்கான், தானா எரியும். நான்தான் தெரியாம ஊரெல்லாம் சொல்லிட்டேன். படம்கூட இன்னைக்கு நான் வச்சதுங்க."

ஏட்டு அறைக்குள் குனிந்தார். மூலையில் வெள்ளிக் காகிதத்தில் ஒட்டியிருந்த ஓர் இலையை நகத்தால் சுரண்டி எடுத்தார். விரலில் கசக்கி முகர்ந்தார்.

"புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. எனக்கே இன்னைக்குத்தான். சத்தியமா."

"செடி?"

"செப்டிக் டேங்க்ல."

ஏட்டு மனைவியைப் பார்த்தார். வளையலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "அந்த வெள்ளைக்காரன் திரும்பி வந்தா, வீட்டுக்குள்ள விடறதுக்கு முன்னாடி எனக்கு போன் வரணும்" என்றார். கீழே வந்து வளவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். நன்னடத்தை என்று எழுதியதை வளவன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான்.

ஏட்டு பைக்கை உதைத்தபோது ஆதிலட்சுமி ஏறவில்லை. கேட்டருகே திரும்பி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏம்மா சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாளைக்காவது நம்பிட்டு இருந்திருப்பேனே."

"நேத்து வரைக்கும் நானும்தாங்க நம்பினேன்" என்றாள் திரௌபதி. சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.