இடது பக்கம் கொஞ்சம் குறைவு

ஹெட்ஃபோன் விற்கிறவருக்கு வாய் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், காது இல்லாமல் முடியாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மாத்தளையில் மூன்று அடிக்கு ஒரு போன் கடை இருக்கிறது. எல்லாரும் கொழும்பில் இருந்து வரும் அதே பெட்டிகளைத்தான் அடுக்கி வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் பஸ் ஏறி என் கடையைத் தேடி வருகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான். விற்கிற ஒவ்வொரு செட்டையும் நானே போட்டு, ஒரு முழுப் பாட்டுக் கேட்டு, அதற்குப் பிறகுதான் கையில் கொடுப்பேன். "வசந்தி அக்கா கேட்டாச்சுன்னா சரி" என்பார்கள். அந்தப் பேச்சை வைத்துத்தான் கடை ஓடுகிறது. அது எப்படி ஆட்டம் கண்டது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் சிரித்துக்கொள்வோம், தப்பில்லை.

அண்ணன் எப்ப வருவாரு?

கடை திறந்த புதிதில் வருகிற ஆம்பிளைகள் எல்லாம் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். சார்ஜர் என்றால் என்னிடம் கேட்பார்கள். நல்ல ஹெட்ஃபோன் என்றால் மட்டும் "அண்ணன் எப்ப வருவாரு?" அண்ணன் என்பது என் வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்து மனுஷன், அரசாங்க உத்தியோகம். பாட்டு என்றால் பக்கத்து வீட்டில் போடுகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்.

ஒரு சனிக்கிழமை அவர் கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தார். பேங்கில் வேலை செய்யும் ஒருத்தருக்கு நான் இரண்டு செட்டை அரை மணி நேரம் ஒப்பிட்டுக் காட்டினேன். கறுப்பில் பாடுகிறவரின் குரல் முன்னால் வரும், வெள்ளையில் வீணை, மிருதங்கம் எல்லாம் தனித்தனியாக நிற்கும், மெல்லிசை கேட்கிறவர் என்றால் வெள்ளையை எடுங்கள் என்று தொண்டை காயச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் இவர் பக்கம் திரும்பி "நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்றாரே பாருங்கள்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. இவர் பேப்பரை இறக்கி இரண்டையும் ஒரு பார்வை பார்த்தார்.

"கறுப்பை எடுங்கோ. ஊத்தை தெரியாது."

மூச்சு

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டூலில் உட்கார வைத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போடச் சொல்வேன். புதுப் பாட்டு உதவாது. நூறு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். நம்முடைய வீட்டில்தானே எந்தச் சாமான் இடம் மாறியிருக்கிறது என்று நமக்குத் தெரியும், அதைப் போலத்தான்.

நசீர் நானா உக்குவளையில் மிளகு, கராம்பு வியாபாரம் செய்கிறவர், அறுபது தாண்டியவர். சார்ஜர் வாங்க வந்தவரை நான்தான் வம்புக்கு உட்கார வைத்தேன். அவருடைய பழைய சினிமாப் பாட்டு ஒன்றை முதலில் காதுக்குள் செருகுகிற சின்ன இயர்ஃபோனில் கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு காதை முழுக்க மூடுகிற பெரியதைக் கொடுத்தேன். "சத்தம் பெருசு" என்றார். மூன்றாவது, பின்பக்கம் வலை மாதிரி திறந்திருக்கிற ரகம். அதில் வெளிச் சத்தமும் உள்ளே வரும், பஸ்ஸுக்கு ஆகாது. ஆனால் அமைதியான அறையில் போட்டால் பாடுகிறவர் எதிரில் நிற்பது மாதிரி இருக்கும். போட்டு கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கி என்னைப் பேசாதே என்றார். பாட்டு முடிந்த பிறகும் கழற்றவில்லை. கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி, இந்தம்மா ஒவ்வொரு வரிக்கும் முந்தி மூச்சு எடுக்கிறாங்க. நாப்பது வருசமா இவங்க மூச்சே விடாமப் பாடுறாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

இடி வேணும்

த்ரீவீல் ஓட்டுகிற பிரதீப்புக்கு ஹெட்ஃபோன் என்றால் நெஞ்சில் இடிக்க வேண்டும். இடிக்காவிட்டால் பழுது. ஒரு நாள் அவனைத் திருத்தியே தீருவது என்று முடிவு செய்து, என்னிடம் இருப்பதிலேயே நேர்மையான செட்டை எடுத்து மாட்டிவிட்டேன். எதையும் கூட்டாது, குறைக்காது, ஸ்டூடியோவில் பதிந்ததை அப்படியே கொடுக்கும். ஐந்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டான் பாவம். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அக்கா, இதுல பாட்டு மட்டும்தானே கேக்குது!"

திருப்பிப் போடுங்க

சாந்தி டீச்சர் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறவர். ஒரு நாள் இயர்ஃபோனோடு கோபமாக வந்தார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, வலது பக்கம் செத்துவிட்டது, என்ன சாமான் விற்கிறீங்க என்று சத்தம். நான் அமைதியாக, "டீச்சர், வலத இடதுல போடுங்க, இடத வலதுல போடுங்க" என்றேன். இதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். திருப்பிப் போட்டதும் குறை மற்றப் பக்கத்துக்கு மாறினால் பிழை சாமானில். மாறாமல் அதே காதில் நின்றால் பிழை காதில்.

டீச்சர் திருப்பிப் போட்டார். குறை அசையவில்லை, வலது காதிலேயே நின்றது. பக்கத்து டிஸ்பென்சரிக்கு அனுப்பினேன், அங்கே காதைக் கழுவிவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், இத எங்க ஸ்கூல்ல யாருக்கும் சொல்லிறாதீங்க."

மாத்தளைக் கரண்ட்

போன வருஷம் கொழும்பில் இருந்து வந்த புதுச் செட்டுகளில் எனக்குப் பிடிக்காத ஒன்று இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் குறைவு. சலங்கை, ஜால்ரா மாதிரி மெல்லிய சத்தங்கள் வலது பக்கமாகவே ஒதுங்கி நின்றன. திருப்பி அனுப்பினேன். மாற்றி அனுப்பினார்கள். அதிலும் அப்படித்தான். அதையும் அனுப்பினேன். வேறு ரகம் எடுத்தேன், அதிலும் இடது குறைவு. இந்தக் காலத்தில் யாரும் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்று கடை முழுக்கப் புலம்பினேன். வருகிறவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள், அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான்காவது பெட்டி போனதும் கொழும்பு ஏஜென்ட் போனில் கூப்பிட்டார். சிங்கள மனிதர், பதினைந்து வருஷமாக மாத்தளைத் தமிழ் பேசிப் பழகியவர், என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார், ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. அன்றைக்கும் கோபப்படவில்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்டார்.

"நங்கி, நாலு செட்டும் இங்க நல்லா வேல செய்யுது. மாத்தளைல கரண்ட் வேற மாதிரியா வருது?"

டீச்சர் எடுத்த பாடம்

அதே வாரம் சாந்தி டீச்சர் பெரிய ஹெட்ஃபோன் ஒன்று பார்க்க வந்தார். நான் போட்டுக் கேட்டேன். "இதுவும் சரியில்ல டீச்சர், இடது குறைவு" என்று கழற்றப் போனேன். டீச்சர் வாங்கித் தன் காதில் வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு அதைத் திருப்பி, வலதை இடதாக, என் தலையில் மாட்டிவிட்டார்.

குறை அசையவில்லை. இடது காதிலேயே நின்றது. வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடத்தை நான் ஒரு தடவைகூட எனக்குச் செய்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தேன். டீச்சர் என் தோளில் கை வைத்தார், பழிக்குப் பழி வாங்குகிற எண்ணமே இல்லாமல்தான் கேட்டார்.

"மிஸ், நீங்க ஒருக்கா காதக் கழுவிப் பாத்தீங்களா?"

இது போதும்

கழுவினேன். ஒன்றும் வரவில்லை. கண்டிக்கு ரயில் ஏறி ஸ்பெஷலிஸ்ட் ஒருவரைப் பார்த்தேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். இடது பக்கம் வந்தபோது நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேர்ஸ் எழுதிக்கொண்டே இருந்தார். நரம்பு பலவீனமாம், போனது திரும்பாதாம். நான் அழுததைப் பார்த்து டாக்டர் நல்ல மனசோடுதான் ஆறுதல் சொன்னார்.

"பேச்சு நல்லா கேக்குதுதானே அம்மா, அன்றாட வாழ்க்கைக்கு இது போதும்."

நானாவின் காது

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கடை முடிந்தது என்று நினைத்தேன். பழையபடி ஹெட்ஃபோனைப் போட்டு, கண்ணை மூடி, தலையாட்டினேன். இடது குறைந்தால் அது என் காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த நாட்களில்தான் நசீர் நானா அந்தத் திறந்த ரகத்தை வாங்க வந்தார். அவருக்கு முன்னாலேயே பெட்டியைப் பிரித்துப் போட்டுக் கேட்டேன். இடது வழக்கத்தைவிடக் குறைவு மாதிரித்தான் இருந்தது. "நல்லா இருக்கு நானா" என்றேன். நீங்களும் ஒருக்கா கேளுங்க என்று நீட்டினேன். "நீங்க கேட்டாச்சுதானே" என்று பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து வந்தார். ஆள் பாதியாகப் போயிருந்தார். ஹெட்ஃபோனைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "இத வேற யாருக்கும் குடுங்க தங்கச்சி. எனக்கு இடது காது போயிட்டுது. சாமான்ல பிழை இல்ல, நீங்க கேட்டுத்தானே தந்தீங்க" என்றார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லையாம். டாக்டரிடம் போகவும் பயமாம். இனி அந்த அம்மாவின் மூச்சைக் கேட்க முடியாது என்பதுதான் பெரிய கவலையாம்.

அவர் வைத்ததை எடுத்து மறுபடி அவரிடமே நீட்டினேன். திருப்பிப் போட்டுப் பாருங்க நானா என்றேன். போட்டார். குறை வலது பக்கம் போனது. சாமான்தான் பழுது. என் பேச்சை நம்பி ஒரு நல்ல காதை இந்த மனுஷன் மூன்று வாரம் சந்தேகப்பட்டிருக்கிறார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. என் காதுதான் போய்விட்டது நானா, உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன், மன்னியுங்க என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் வலது காதைத் தொட்டார், இடது காதைத் தொட்டார், முகம் மலர்ந்துவிட்டது. பிறகுதான் என்னைப் பார்த்தார், சட்டென்று முகத்தை அடக்கிக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ், என் காது... இல்ல தங்கச்சி, உங்க காதுக்கும் துஆ கேக்குறேன்."

அறிவித்தல்

அன்றைக்கே வீட்டில் சொல்லி, கடைச் சுவரில் ஒட்ட ஒரு அறிவித்தல் எழுதித் தரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் "இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்" என்று ஆரம்பித்தார். அதை வெட்டிவிட்டு, தமிழிலும் சிங்களத்திலும் நானே எழுதி ஒட்டினேன்: "எனக்கு இடது காது சரியாகக் கேட்காது. இடது பக்கத்தை நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். கேட்காமல் பெட்டியை மூட மாட்டேன்." ஒட்டும்போது கடையை மூடுகிற மாதிரித்தான் இருந்தது.

இரண்டு நாள் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒரு பெண், யட்டவத்தையில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தார். தையல் வேலை செய்கிறவராம், மெஷின் ஓடும்போதும் பாட்டுத் தெளிவாகக் கேட்கிற மாதிரி ஒன்று வேண்டுமாம். காதை மூடுகிற இரண்டு செட்டை எடுத்து வைத்தேன். அவர் அறிவித்தலைப் பார்த்தார். முதலில் இருந்து மறுபடி வாசித்தார். கைப்பையைத் தோளில் இழுத்துவிட்டார், போகப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த ரோட்டுல அஞ்சு கடை ஏறிட்டேங்க. அங்க எல்லாருக்கும் ரெண்டு காதும் கேக்குது, ஆனா ஒருத்தரும் போட்டுக் கேட்டதில்ல."

ஆக, என் இடது காது போய்விட்டது, கடை போகவில்லை, சண்டை பிடிக்க வருகிற வாடிக்கையாளர்களை மட்டும் இப்போது மரியாதையாக என் இடது பக்கம் உட்கார வைக்கிறேன்.