தண்ணீரைக் கண்டு கைதட்டியவன்

ஆஸ்திரியாவில் எனக்கு எச்சரிக்கையான ஆள் என்று ஒரு பெயர் இருக்கிறது. அது பொய்ப் பெயர் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மலையைக் குடைந்து போடும் ரயில் சுரங்கத்தில், குடைவதற்கு முன்பே உள்ளே என்ன ஆபத்து இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. பக்கச் சுவரில் சின்னச் சின்ன வெடி வைப்போம். அதிர்வலை பாறைக்குள் முன்னே ஓடி, பாறை மாறும் இடத்தில் முட்டித் திரும்பும். அதைத் திரையில் படித்து, எங்கே நொறுங்கல், எங்கே நீர் என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் முப்பது மீட்டருக்கு முன்னால், பாறைப் பிளவு நிறையத் தண்ணீர். அது உடைத்துக்கொண்டு வந்தால் குடையும் முகப்பில் நிற்கும் ஆறு பேரும் இல்லை. நான் கைதட்டினேன். "வாசர்! வாசர்!" என்று அவர்கள் மொழியில் தண்ணீர், தண்ணீர் என்று கூவினேன். வானம் பார்த்த விளாத்திகுளத்துக்காரன் தண்ணீரைக் கண்டால் வேறென்ன செய்வான்? ஃபோர்மேன் மத்தியாஸ் அதைப் பதற்றம் என்று எடுத்துக்கொண்டு, ஆட்களை வெளியே விரட்டிவிட்டு என் முதுகில் தட்டினார். "நல்லவேளை, பயந்தாய்" என்றார். நான் மறுக்கவில்லை.

இந்தப் பெருமையை ஊரிலிருக்கும் அண்ணனிடம் ஃபோனில் அளந்தது அடுத்த மடத்தனம்.

"ஏலே, மலைக்குள்ள தண்ணி இருக்கத பாக்குதியாம்ல. நம்ம புஞ்சைல பாக்க மாட்டியாக்கும்? மொளகாச் செடி பூராம் கருகுது. அடுத்த போருலயும் தண்ணி இல்லன்னா புஞ்சையக் குடுத்துட்டு கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போவணும்."

கருவியை இரவல் வாங்கிக்கொண்டு லீவில் வந்தேன். கரிசல் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்த அடியெல்லாம் அந்த வெடிப்புகளிலேயே செத்துப்போனது. திரையில் வெறும் கிறுக்கல். சுரங்கத்தில் என்றால் 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதற்கும் அங்கே மரியாதை உண்டு. இங்கே அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். உடைமரத்துப் பக்கம் கையைக் காட்டிவிட்டேன்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "தேங்கா வச்சு நீரோட்டம் பாத்தவரும் இங்கனதாம்ல நின்னாரு. ரெண்டு பேரும் ஒண்ணு போலல்லா சொல்லுதீங்க!"

என் முனைவர் பட்டமும் அவருடைய தேங்காயும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

போர் வண்டி வந்தது. முந்நூறு அடியில் வெள்ளைப் புழுதி. அறுநூறிலும் புழுதி. மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வண்டி கிளம்பும்வரை அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "வாலே, சாப்பிடுவோம்" என்றார். சாப்பிட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அவர் காலை பஸ்ஸில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். புஞ்சையை வாங்க ஆள் வரவில்லை. இங்கே ஆஸ்திரியாவில், மலைக்குள் நான் கண்ட தண்ணீரைக் குழாய் போட்டு வெளியேற்றுகிறார்கள். பம்புகள் ஓய்வதில்லை. அத்தனையும் கீழே ஆற்றில் கொட்டுகிறது. அந்தத் தண்ணீரை வைது தீர்க்கும் சுரங்க ஆட்களோடு மழைக்கோட்டில் நானும் நிற்கிறேன். அங்கே தண்ணீர் காட்டத் தெரியாதவன், இங்கே அதைத் துரத்தச் சம்பளம் வாங்குகிறவன். போன வாரம் என்ன தோன்றியதோ, அந்தக் குழாய் வாயை வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

குரல் பதிவில் பதில் வந்தது.

"பாத்தேம்ல. இனிமே அனுப்பும்போது சத்தமில்லாம அனுப்பு. தொழுவுல மாடு எந்திரிச்சு நிக்கி."