பெரியம்மா பிரித்துப் பார்த்த தோட்டாக்கள்

பெரியம்மா இறந்த செய்தி எனக்கு இரண்டாவது பீரியடில் வந்தது. பியூன் அண்ணன் வகுப்பு வாசலில் நின்று என் பெயரைச் சொல்லி, "பையை எடுத்துக்கிட்டே வாம்மா" என்றார். பையோடு கூப்பிட்டால் அன்று திரும்பி வர வேண்டியதில்லை என்று அர்த்தம். ஆபீஸ் அறைப் போனில் அப்பா இருந்தார். "பெரியம்மா தோட்டத்துல விழுந்துட்டாங்க" என்றார். "அடி பட்டிருச்சாப்பா?" என்று கேட்டேன். "கெடச்ச பஸ்ஸுல வந்துரும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கொடைக்கானலிலிருந்து எங்கள் ஊர் வழியாகக் கூக்கால் பக்கம் போகும் பஸ்ஸுக்காக மதியம் வரை ஸ்டாண்டில் நின்றேன்.

இன்று விடிந்தால் பதினாறாம் நாள். "நீதான தமிழ்ல நல்லா எழுதுவ. பெரியம்மாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி எல்லாரும் கேக்கப் படி" என்று அப்பா சொன்னார். சாயங்காலமே ஒன்று எழுதி அவரிடம் காட்டிவிட்டேன். அதில் பெரியம்மா அன்பானவர், உழைப்பாளி, யாரையும் கடிந்து பேசாதவர் என்று இருக்கிறது. கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவை உண்மை. ஆனால் நான் படிக்கப்போவது இந்தத் தாளைத்தான். எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது.

பெரியம்மாவின் தோட்டாப் பெட்டியைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். படையல் முடிந்ததும் அந்தத் தோட்டாக்களில் இரண்டை எடுத்து, அவருடைய துப்பாக்கியாலேயே மரியாதைக்கு வெடிக்கப்போவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். பெரியம்மா இல்லாததால் அதற்கு மறுநாள் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். அதனால் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நான் படித்து முடிக்கும் வரை யாரும் அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம்.

துப்பாக்கி பெரியப்பாவுடையது. பன்றியும் காட்டுமாடும் பயிரை அழிக்காமல் இருக்க வாங்கிய லைசென்ஸ். அவர் போன பிறகு எல்லோரும் அதை ஒப்படைத்துவிடச் சொன்னார்கள். பெரியம்மா திண்டுக்கல்லுக்கும் கொடைக்கானலுக்கும் நடையாய் நடந்து, லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஒருமுறை புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். பெரியம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"உள்ள செவத்துல, போட்டோவுல இருக்காரு. துப்பாக்கிச் சோலின்னா என்கிட்டச் சொல்லுங்க. லைசென்ஸ் என் பேர்லதான் கெடக்கு."

இன்ஸ்பெக்டர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ள வாங்கிய அனுமதியும் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. "இது எல்லாம் நீங்களே செய்றீங்களா?" என்று கேட்டார். "இட்லியும் நானேதான் செய்றேன். உக்காருங்க" என்றார் பெரியம்மா. அவர் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தோட்டாவைத் தானே நிரப்பத் தொடங்கியது ஆசையால் அல்ல. மதுரைக் கடையில் தோட்டா கிடைப்பதில்லை. கிடைக்கும்போது அவர் கேட்டதில் பாதிகூடத் தரமாட்டார்கள், விலையும் போனமுறை சொன்னதாக இருக்காது. ஒருமுறை வெறுங்கையோடு திரும்பி வந்து, "மாடு கடக்காரன்கிட்டக் கேட்டுட்டா வரும்?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். பட்டாசு வைத்துப் பார்த்தோம். பத்து நாளில் மாடுகள் அதற்குப் பழகிவிட்டன. அதன் பிறகுதான் சுட்டு முடித்த காலிக் கூடுகளைப் பெரியம்மா எறியாமல் எடுத்து வைக்கத் தொடங்கினார். கூட்டின் பின்னால் பொருத்தும், அடித்தால் பொறி தரும் கேப்பும், வெடிமருந்தும் எப்போதாவதுதான் கொஞ்சம் கிடைக்கும். கிடைத்ததை மழைக்காலத்து உப்பைப் போல ஈரம் படாமல் காப்பார்.

மருந்துக்கும் ரவை என்கிற ஈயக் குண்டுகளுக்கும் நடுவில் வைக்க அட்டை வேண்டும். அது ஒன்றுக்குத்தான் எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் எங்கள் கேரட்டும் பீன்ஸும் இறங்காத மண்டியே கிடையாது. கமிஷன்காரர்கள், லாரி டிரைவர்கள், பஜார் பாய் என்று எல்லார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் எங்களுக்கு வரும், எல்லாம் நல்ல தடித்த அட்டை. பெரியம்மா அதை வட்டமாக வெட்டுவார். ஆனால் சாமி படம் போட்ட இடத்தை வெட்டமாட்டார். பாய் வீட்டுப் பத்திரிகையின் மேல் வரியையும் சர்ச்காரர்களின் சிலுவையையும் அப்படியே ஒதுக்கிவிடுவார். பொண்ணு மாப்பிள்ளை பெயரிலும் கத்தரியை வைக்கமாட்டார். "நல்லாருக்கணும்னு அடிச்ச பேரு. அதுல நெருப்பு படக் கூடாது" என்பார். அதனால் மண்டபத்தின் விலாசமும் விருந்து நேரமும்தான் தோட்டாவுக்குள் போகும். சுட்ட மறுநாள் காலையில் சித்தப்பா பாத்திக்குள் குனிந்து அட்டைத் துண்டுகளைப் பொறுக்குவார். "மதினி, இன்னிக்கு வரவேற்பு பீன்ஸ் பாத்தியில. சாயங்காலம் ஆறு மணிக்காம்" என்று அங்கிருந்தே கத்துவார்.

போகப்போக அது பெரியம்மாவுக்குப் பிடித்த பொழுதுபோக்காகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பின் அறையில் உட்காருவார். நெருப்புப்பெட்டி, போன் எதுவும் அந்த அறைக்குள் போகக் கூடாது. நானும் போகக் கூடாது. வாசலில் நின்று பார்க்கலாம். நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று வைத்திருந்தார். அதன் முள் அடங்குகிற வரை மூச்சுவிடாமல் பார்ப்பார். என்றாவது ஒருநாள் எனக்கும் சொல்லித்தருவார் என்று நினைத்தேன். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "இதெல்லாம் உனக்கு எதுக்கு? போயிப் படி" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொல்லித்தந்தது.

எங்கள் தெரு உங்களுக்குத் தெரியும். "என்னக்கா, தோட்டா வேகுதா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். "வெந்துருச்சு, உப்பு பாத்துச் சொல்றியா?" என்பார் பெரியம்மா, தலையைத் தூக்காமல்.

அவர் மேல் எனக்கு இருந்த பிரமிப்பு எந்த நாளில் வந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும். போன ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம், நல்ல மழை. பெரியம்மா நாற்பது தோட்டாக்களை நிரப்பி மூடி முடித்திருந்தார். பல மாதம் சேர்த்து வைத்த மருந்து அது. திடீரென்று எழுந்து நின்றார். தட்டையே பார்த்தார். நடுவில் யாரோ கூப்பிட்டு எழுந்துபோனாராம். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, கையில் இருந்த கூட்டில் ஏற்கெனவே மருந்து போட்டாயிற்றா என்று பார்க்காமல் மறுபடி போட்டிருக்கலாமோ என்று அப்போதுதான் தோன்றியிருக்கிறது. எந்தக் கூடு என்று தெரியவில்லை. மருந்து இரண்டு பங்கானால் சுடும்போது துப்பாக்கிக் குழலே வெடித்துவிடும். தட்டிலிருந்த நாற்பதையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். பித்தளை அடி கீழே இருந்தால் நல்லது, மேலே இருந்தால் சந்தேகம். அதுதான் அவர் வழக்கம்.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா நனைந்தபடி ஓடிவந்தார். "மதினி, கீழ்த் தோட்டத்துல அஞ்சாறு மாடு நிக்கிது. ரெண்டு குடுங்க, வெரசா."

"இல்ல தம்பி. இது ஆகாது. பிரிக்கணும்."

"நாப்பதையுமா?"

"நாப்பதையும்."

"ஒண்ணுலதான சந்தேகம்? எடை போட்டுப் பாத்துக் கண்டுபிடிங்களேன்."

"ரவை ஒண்ணு ரெண்டு கூடக்கொறையத்தான் விழுந்திருக்கும். அந்த எடையில மருந்து ஒளிஞ்சுக்கிட்டா நான் எங்க போயித் தேட?"

"பீன்ஸ் பூராம் போயிரும் மதினி."

"பீன்ஸு அடுத்த போகத்துக்கு மொளைக்கும். உன் கை மொளைக்குமா?"

சித்தப்பா தகரத்தைத் தட்டிக்கொண்டு போனார். அப்பாவும் போனார். மாடுகள் நிதானமாகத் தின்றுவிட்டுத்தான் நகர்ந்தன. பெரியம்மா வெளியே வரவே இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரிக்கும்போது அட்டையெல்லாம் கிழிந்தது, பாதிக் கூடுகளின் வாய் கெட்டுப்போனது. இருபத்தேழாவது கூட்டில் மருந்து இரண்டு பங்கு இருந்தது. அதை ஒரு தாளில் கொட்டி, வாசலுக்குக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். முகத்தில் சந்தோஷம் இல்லை. நான் சொன்னேன் பார்த்தாயா என்கிற தோரணையும் இல்லை. "மிச்சம் பதிமூணு இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அதையும் பிரித்தார். தேடியது கிடைத்துவிட்டதே, மற்றவை நல்லவைதானே என்று நான் கேட்டேன். "ஒருதடவதான் தப்பு செஞ்சேன்னு யாரு சொன்னா?" என்றார்.

மறுநாள் காலையில் அப்பாவோடு பீன்ஸ் தோட்டத்துக்குப் போனேன். கொடிகள் மண்ணோடு மிதிபட்டுக் கிடந்தன. பெரியம்மா அதற்கு நடுவில் நின்று, நிற்கிற கொடிகளுக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார். தன் தவறு என்று எல்லோரிடமும் அவரே சொன்னார், காரணம் எதுவும் சேர்க்காமல். மலையைப் பார்க்கிற மாதிரி நான் அவரைப் பார்த்தேன். அப்படித்தான் எழுத வருகிறது.

இனிமேல் எழுதுவதுதான் நான் பயப்படுவது.

அவர் இறப்பதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் பின் அறையில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நிற்காமல் உள்ளே போய்விட்டேன். கையில் கணக்குப் பரீட்சைத் தாள். நான் பெயிலாகியிருந்தேன். அப்பா, இதுவும் உங்களுக்கு இப்போதுதான் தெரியும். பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். பெரியம்மாவே போட்டுக் கொடுத்துவிடட்டும் என்று கெஞ்சினேன், அழுதேன். அவர் கை வேலையை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நிரப்பி மூடிக்கொண்டிருந்தார். நான் அழுகையை நிறுத்திய பிறகுதான் தட்டைப் பார்த்தார்.

"பேசிக்கிட்டே செஞ்சுட்டேனே. இன்னிக்கு செஞ்சதெல்லாம் சந்தேகம்" என்று எல்லாவற்றையும் தலைகீழாக வைத்தார். "நாளைக்கு வெள்ளனே பிரிச்சிரணும்" என்றார். பிறகு என்னிடம், "கையெழுத்து நான் போட மாட்டேன். உங்கப்பன்கிட்ட நீயே சொல்லு. சொல்றப்ப பக்கத்துல நான் நிக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை நான் முதல் பஸ்ஸுக்குப் போனேன். அவர் பிரிப்பதற்கு முன் ஒரு நடை தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறார். அங்கேயே மாரடைப்பில் விழுந்துவிட்டாராம்.

நான் வீடு வந்தபோது கூட்டமாக இருந்தது. அம்மா என் தோளைப் பிடித்து, "அந்தப் பின் ரூமு தொறந்து கெடக்கு, ஆளுக வந்து போறாக. எல்லாத்தையும் எடுத்து வச்சுப் பூட்டு" என்றார். வாழ்நாளில் முதல்முறையாக அந்தத் தட்டைத் தொட்டேன். பெரியம்மாவின் பொருட்கள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர் வேறு. தட்டில் தலைகீழாக நின்றதையெல்லாம் எடுத்து, பெட்டியில் இருந்த நல்ல தோட்டாக்களோடு சேர்த்து, எல்லாவற்றையும் பித்தளை அடி கீழே வரும்படி வரிசையாக அடுக்கிப் பூட்டினேன். அழகாக அடுக்கினேன். என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது நேற்று முன்தினம், சித்தப்பா, "மதினி கையால செஞ்ச தோட்டா, அவுகளுக்கே ரெண்டு வெடி" என்று சொன்னபோது. "அது தப்பில்லையாடா?" என்று அப்பா கேட்டார். "ரெண்டே ரெண்டுதாண்ணே. யாரு வந்து கேக்கப் போறா?" என்றார் சித்தப்பா. இரண்டு நாளாக நான் வாய் திறக்கவில்லை. தொடக் கூடாததைத் தொட்டேன் என்று சொல்ல வேண்டும், ஏன் அந்த அறைக்குள் போனேன் என்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்தேன். சித்தப்பாவின் கையைவிட என் பரீட்சைத் தாள் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சித்தப்பா, அந்தப் பெட்டியில் எது நல்லது, எது சந்தேகம் என்று எனக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் ஒன்றுகூட வெடிக்கக் கூடாது. பெட்டியை அப்படியே ஸ்டேஷனில் கொடுத்து, உள்ளே கலந்திருக்கிறது என்று அவர்களிடமும் சொல்ல வேண்டும். கேட்டால் நான் வந்து சொல்கிறேன். வெடிச் சத்தம் இல்லாமல் பெரியம்மாவை அனுப்புகிறோமே என்று உங்களுக்கு வருத்தம் இருக்கும். எனக்கும் இருக்கிறது.

பெரியம்மாவின் புடவைகளை அத்தைகள் பங்கிட்டுக்கொண்டார்கள். தராசை அப்பா எடுத்துவைத்திருக்கிறார். எனக்கு என்ன வேண்டும் என்று யாரோ கேட்டார்கள், அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மழையில் அத்தனை பேர் கத்திக்கொண்டிருக்க, நாற்பதையும் பிரிக்க அவர் உட்கார்ந்த அந்தச் சாயங்காலத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

அப்பா, பரீட்சைத் தாள் என் கையில் இருக்கிறது. படித்து முடித்துவிட்டேன். உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறேன்.