கோயில் பெயரில் வந்த பவுசர்

புங்குடுதீவு மடத்துவெளியில் எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் இருப்பது ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறு. மோட்டர் பூட்டி இறைத்தால் உவராகிவிடும். அதனால் வாளியால் மட்டுமே அள்ளுவது என்று மாதர் சங்கத்தில் முடிவெடுத்திருந்தோம்.

போன கோடையில் தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஒன்று வந்து நின்றது. "கோயில் தண்ணீர்ப் பந்தலுக்கு, அக்கா" என்றார் சாரதி. தண்ணீர்ப் பந்தலுக்கு இல்லையென்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது. மோட்டர் பூட்ட விட்டுவிட்டோம்.

மறுநாளும் வந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. கொடியேற்றமே இன்னும் நடக்கவில்லை. பந்தலில் யார் குடிக்கத் தண்ணீர்? சங்கத் தலைவி ராணி அக்காவிடம் சொன்னேன். "கோயில் காரியத்திலை சந்தேகப்படாதையும்" என்று அவர் என்னை அடக்கினார்.

அடுத்த நாள் காலைத் தேநீர் உப்புக் கரித்தது. அன்றும் பவுசர் வந்து நிரப்பிக்கொண்டு போக, ஸ்கூட்டியில் பின்னால் போனேன். அது கோயிலைத் தாண்டி, கடற்கரையில் யாரோ கட்டும் விடுதிக்குள் நுழைந்தது. சீமெந்து குழைக்க எங்கள் குடிதண்ணீர்!

செய்தி கேட்டதும் கிணற்றடியில் முதலில் கதிரை போட்டுக் காவலிருந்தவர் ராணி அக்காதான். திரும்பி வந்த பவுசர் எங்களைக் கண்டதும் அப்படியே போய்விட்டது. மாரி மழைக்குப் பிறகுதான் தண்ணீர் பழையபடி வாயில் வைக்கும்படி ஆனது.

போன கிழமை உண்மையாகவே ஒரு கோயிலில் இருந்து ஆள் வந்தார். அந்தக் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்து முடிக்கும்வரை அவரை வெயிலில் நிறுத்தி வைத்தேன்.

"கோயிலுக்குத் தண்ணி கேக்க இவ்வளவு விசாரணையோ?" என்று சினந்தார்.

"கோயிலுக்கு எண்டு சொன்னபடியால்தான் தம்பி கேக்கிறன்" என்றேன், வாளியை நீட்டியபடி.