சீட்டுக்கு ஒரு வீடியோ கேம்

பழைய வீடியோ கேமை வாங்கிக்கொண்டு காசுக்குப் பதிலாகக் கடைச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வியாபாரத்தில், வருகிற கேமெல்லாம் விற்கிறவர் கையில் இருக்கும்வரை புதுசுதான். கடை வைத்துப் பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் பழவேற்காடு கடைத்தெருவில் எனக்கு இந்தப் பிழைப்பு. உள்ளங்கை அளவு பெட்டி, ஒரு பெட்டிக்கு ஒரே ஆட்டம், உள்ளே பட்டன் பாட்டரி. துபாயிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருவார்கள், நாலு மாதத்தில் சலித்துப்போகும். என்னிடம் கொடுத்தால் சீட்டு. அந்தச் சீட்டுக்கு வேறு கேமோ, பாட்டரியோ, உறையோ எடுத்துக்கொள்ளலாம். இடம் என் மனைவியின் அண்ணன் கமாலுடையது. அவர் வைத்தது ஒரே நிபந்தனை: "ஒரு சீட்டு சாமான் இல்லாம திரும்பிப் போச்சுன்னா, அன்னிக்கே சாவிய குடுத்துடணும் மாப்ளே."

காயவைத்த கேம்

பசியாவரம் தீவிலிருந்து தேசப்பன் ஒரு கேமோடு வந்தார். வெளியே பளபளவென்று இருந்தது. படகுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தவே, சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்க்ரூவைக் கழற்றினேன். புத்தி இருக்கிறவன் கழற்றிவிட்டு எழுதுவான். உள்ளே உப்பு பூத்திருந்தது, கூடவே கருவாட்டு வாசனை.

ஏரியில் விழுந்ததா என்றேன். அவர் ஒளிக்கவே இல்லை. "வுயுந்துச்சு பாய். நல்ல தண்ணில அலசி எறாவோட சேத்துதான் காயவெச்சேன். எறா நல்லாத்தான் கீது!"

கடிக்காத நண்டு

கன்னியம்மாள் ஏரியில் இறங்கி, பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிறவர். நண்டு பிடிக்கிற ஆட்டம் ஒன்று கேட்டு வாங்கிப் போனார். மூன்றாம் நாளே திரும்பி வந்தார். பாட்டரி போயிருக்கும் என்று பயந்தபடி அழுத்திப் பார்த்தேன். அருமையாக ஓடியது, ஆயிரம் புள்ளி வேறு எடுத்திருந்தார். பின் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன்.

"கடிக்காத நண்ட புடிக்கறதுல இன்னா கீது? வேற குடு."

பதினாலு பேர்

தேசப்பன் ஊர் திரும்பி, கெட்ட கேமுக்கும் சீட்டு கிடைக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். பசியாவரத்திலிருந்து கேம்கள் வந்தபடி இருந்தன. முகத்தைப் பார்த்து மறுக்கத் தெரியாத நான் எழுதியபடி இருந்தேன். துபாய் ஆட்கள் ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான் வருவார்கள், அதற்கு இன்னும் இரண்டு வாரம். அலமாரியில் ஓடுகிற கேம் மூன்றே மூன்று.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடையைத் திறந்தால், படகிலிருந்து இறங்கி வரிசையாக வருகிறார்கள், பதினாலு பேர். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் என் சீட்டு. எதிரே டீக்கடையில் கமால் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். சாவி இருந்த பையை என் கை தானாகத் தொட்டது.

முன்னால் வந்த ஏழுமலை ஒரே ஒரு சீட்டை நீட்டி, நிதானமாக ஒரு கேமைப் பொறுக்கினார். மற்றவர்கள் ஆளுக்கொரு தரம் அதை வாங்கி அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார்கள். யாரும் பையில் கை விடவில்லை. உங்கள் சீட்டெல்லாம் எங்கே என்று நானே அவர்களிடம் உளறிவிட்டேன். கமால் பக்கத்தில் வந்து நின்றார்.

ஏழுமலை சிரித்தார். ஏரியில் நல்ல இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊரில் குலுக்கிப் போட்டு முறை வைப்பார்கள், அதற்குப் பாடு என்று பெயர். "சீட்டுக்கும் பாடு வெச்சிட்டோம் பாய். வாரத்துக்கு ஒர்த்தர். ஒர்த்தர் எடுக்கறத எல்லாரும் ஆடுவோம். இன்னிக்கு என் பாடு. நான் ஓட்டைய எடுத்துனு வந்துடுவேன்னு இவங்கோ கூட வந்தாங்கோ!"

அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொன்னேன். அவர்கள் ஏறிப் போகிற படகைப் பார்த்துக்கொண்டே கமால் சொன்னார்: "உன் கடைய நீ நடத்தல மாப்ளே, பசியாவரத்துக்காரங்க நடத்தறாங்க."

பதினாலு பேர் வந்து ஒரே ஒரு கேம் போன அந்த வெள்ளிக்கிழமையைத்தான், என் வியாபார வாழ்க்கையிலேயே அமோகமான நாள் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.